முதலாளி ஊரில் இல்லாத நாள்

என் தம்பி மகளைக் கட்டிய மாப்பிள்ளை சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறார். மற்ற கம்பெனிகளை விலைக்கு வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வது அவருக்கு வேலை. போன தீபாவளிக்கு வந்தபோது, வாங்குவதற்கு முன்னால் என்னென்ன பார்ப்பார்கள் என்று இலையில் சோறு ஆறுகிற வரைக்கும் எனக்கு விளக்கினார். கடன், வழக்கு, வரி, இயந்திரத்தின் வயது, சரக்குக்கு உள்ள கிராக்கி என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத வாங்கப்போற மொதலாளி எப்படிப்பட்டவருன்னு பாப்பீங்களா மாப்ள?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பணம் போடுகிறவரை எதற்குப் பார்க்கவேண்டும் என்றார். நான் சிரித்துவிட்டுப் பாயசத்தை ஊற்றச் சொன்னேன். ஆனால் அன்றையிலிருந்து மனசு கோட்டக்குப்பத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் அலைந்துகொண்டிருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தவன். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்லுவோம். கையை மூட்டைக்குள் விட்டு ஈரம் பார்ப்பது, உடைத்துப் பருப்பு பார்ப்பது, வண்டிக்காரனிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். மற்றபடி அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தூசியில் தும்மினேன், எழுதினேன், மறுபடியும் தும்மினேன்.

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்து, எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகளை எடுத்த சமயத்தில் சைகோனிலிருந்து லத்தீப் மரைக்காயர் கோட்டக்குப்பத்துக்குத் திரும்பி வந்தார். அங்கே துணிக்கடைகள் வைத்திருந்தவர். அந்தத் தேசத்தில் நிலவரம் சரியில்லை என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்தார். வந்தவர், இங்கே புதிதாக எதையும் தொடங்கப்போவதில்லை, ஓடுகிற தொழில்களாகப் பார்த்து வாங்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். யாரோ என் பேரைச் சொல்ல, வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். வெள்ளை வெளேரென்று சட்டை, கைலி, முகத்தில் அவசரமே இல்லை. யாரையும் 'நீ' என்று அவர் சொல்லி நான் கடைசிவரைக்கும் கேட்டதில்லை. முப்பது வயசுக்காரனான என்னையும் வாங்க, உட்காருங்க என்றார்.

வேலை என்ன என்று கேட்டேன். விற்கிற தொழிலைப் போய்ப் பார்த்து வந்து சொல்லவேண்டும் என்றார். வாங்கிய பிறகு அதை நடத்துவது யார், நானா என்று கொஞ்சம் ஆசையோடு கேட்டேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு எதையும் ஓட்டத் தெரியாது ஏழுமல. ஓடிக்கினு இருக்கறத நிறுத்தாம இருக்கத் தெரியும். அதுக்குத் தோதா ஒண்ணு வேணும். அவ்வளவுதான்."

இது என்னடா வியாபாரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் மண்டி முதலாளி ஒரு நாள் கல்யாணத்துக்குப் போனாலும் அரை மணிக்கு ஒரு ஆளை அனுப்பிக் கேட்கிற ரகம். முதலாளி என்றாலே அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்தத் தேசத்தில் இவருடைய கடைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் இருந்தனவாம். எந்தக் கடைக்கும் இவர் போனதில்லையாம். போகாததால்தான் அவை நன்றாக நடந்தன என்று அவர் பெருமையில்லாமல் சொன்னார்.

அவருடைய முறையை விளக்கிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். ஒருவர் தொழிலை விற்க வந்தால் முதலில் அவரைக் குடும்பத்தோடு யாத்திரை அனுப்பிவிடுவார். செலவு இவருடையது. இந்துவாக இருந்தால் திருப்பதி, ராமேஸ்வரம். முஸ்லிமாக இருந்தால் நாகூர். கிறிஸ்தவர்களுக்கு வேளாங்கண்ணி. அவர்கள் ரயில் ஏறிய பிறகு நான் போய் அந்தத் தொழில் நடக்கிற இடத்தில் ஓர் ஓரமாக உட்காரவேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. எதையும் தொடக் கூடாது. யாராவது யோசனை கேட்டால் காது கேட்காதவனாக இருந்துவிடவேண்டும். கோளாறு ஒன்று வருகிறவரைக்கும் காத்திருக்கவேண்டும். வரும், வராமல் இருக்காது. பெல்ட் அறுந்துபோகும், சரக்கு வராது, சண்டை மூளும். அந்த நேரத்தில் வேலைக்காரர்கள் எல்லாரும் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனிக்கவேண்டும். நான் திரும்பி வந்ததும் மரைக்காயர் கேட்பது அந்த ஒரே கேள்விதான். யாரு மொகத்தப் பாத்தாங்க?

விழுப்புரம் கடைத்தெருவில் இது சீக்கிரமே தமாஷாகிவிட்டது. வியாபாரம் கொஞ்சம் மந்தமாக இருக்கிற கடைக்காரரைப் பார்த்து, "இன்னா, பாய் டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டாரா?" என்று கேட்பார்கள்.

முதலில் வாங்கியது விழுப்புரத்தில் ஒரு நெல் மில். முதலாளி ராமேஸ்வரத்தில் இருந்த வேளையில் பட்டை கழன்று மிஷின் நின்றது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். நான் வந்து அதைச் சொன்னேன். மரைக்காயர் மில்லை வாங்கினார். பெயர்ப் பலகையை மாற்றவில்லை, ஒரு ஆளை நீக்கவில்லை, அந்த மேஸ்திரிக்கு லாபத்தில் ஒரு பங்கு எழுதிக் கொடுத்தார். அதோடு சரி. அந்த மில் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. மில் முன்பைவிட நன்றாக ஓடியது. எனக்கு முதல் வியப்பு அதுதான். ஒரு மனிதன் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு யோசனை செய்யமுடியுமா என்று வாயைப் பிளந்தேன்.

இரண்டாவது வியப்பு ஒன்றை வாங்காமல் விட்டதில் வந்தது. விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு காபி ஹோட்டல் விலைக்கு வந்தது. வண்டி மாறுகிற கூட்டம் முழுக்க அங்கேதான் சாப்பிடும். நடத்தியவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஊர் நலம் விசாரித்து, கேலி பேசி அனுப்புகிறவர். அவரைத் திருப்பதிக்கு அனுப்பிவிட்டு நான் மூலையில் உட்கார்ந்தேன். காபி அதே காபி, இட்லி அதே இட்லி, பரிமாறுகிற கைகளும் அதே கைகள். ஒரு கோளாறும் இல்லை. நல்ல இடம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று வந்து சொன்னேன். மரைக்காயர் தன் கேள்வியைக் கேட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை, உள்ளே வந்தவர்கள் எல்லாம் காலியாக இருந்த கல்லா நாற்காலியைத்தான் பார்த்தார்கள் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

"அப்ப அது தொழில் இல்ல, அந்த மனுசன். மனுசன நான் எப்பிடி வாங்கறது?" என்றார்.

என்னை அந்த நாற்காலியில் உட்காரவையுங்கள் என்றேன். நான் உட்கார்ந்தால் என்னைப் பார்த்துக்கொள்ள அவர் ஒரு ஆளை வைக்கவேண்டும், அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள அவரே வரவேண்டும், அதற்குப் பதிலாக அவர் சைகோனிலேயே இருந்திருக்கலாம் என்றார். ஹோட்டல் நல்ல ஹோட்டல்தான், ஆனால் தனக்கில்லை என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்கு எழுந்து போனார். வேறொருவர் வாங்கினார். கல்லாவில் தன் மைத்துனரை உட்காரவைத்தார். ஜனங்கள் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விட்டார்கள்.

இனி திண்டிவனத்து எண்ணெய் மில்லுக்கு வருகிறேன். இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒலக்கூர் போகிற பாதையில் கோவிந்த ரெட்டியாருக்கு ஒரு எண்ணெய் மில் இருந்தது. மல்லாட்டையை உடைக்கிற மிஷின், ஆட்டுகிற செக்குகள், காயவைக்கப் பெரிய சிமெண்டுக் களம், இரண்டு குடோன். ரெட்டியார் எண்ணெய் என்றால் புதுச்சேரி வரைக்கும் பேர். அந்தப் பேரை அவர் ஒருவராகத்தான் சம்பாதித்தார். ஒவ்வொரு மூட்டையையும் அவர் கையாலேயே பிரிப்பார். ஒரு கொட்டையை வாயில் போட்டுக் கடித்துவிட்டு வாங்கு என்பார், இல்லையென்றால் வண்டியைத் திருப்பு என்பார். சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில் இருக்கும். இஞ்சினை ஓட்டவேண்டுமானாலும் நிறுத்தவேண்டுமானாலும் அவர் தலை அசையவேண்டும். ஆட்கள் தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கொடுமைக்காரர் இல்லை. கூலியை நிறுத்தினார் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அவர் இல்லாமல் அங்கே ஒரு தூசி அசையாது.

அந்தத் தூசிதான் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இருமல் நிற்கவில்லை. மில்லை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இல்லை. மதராஸிலிருந்து ஒரு இரும்பு வியாபாரி வந்து, மிஷின்களைத் தட்டிப் பார்த்துவிட்டு நல்ல விலை சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மில் வேண்டாம், இரும்புதான் வேண்டும். அவர் வாங்கினால் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார். அதனால்தான் ரெட்டியார் மரைக்காயருக்குச் சொல்லியனுப்பினார். நான் பார்க்கப் போன அன்று, பருப்பு பொறுக்குகிற பெண்களுக்குத் தலைவியாக இருந்த அஞ்சலை என்ற அம்மாள் என்னை வாசல் கேட்டுக்கு அருகில் நிறுத்தினார். பெருமுக்கல் பக்கத்து ஆள்.

"பாய் எடுத்துக்கினா நாங்க இங்கயே இருப்போம். இரும்புக்காரன் எடுத்துக்கினான்னா மலைக்குக் கல்லு ஒடைக்கப் போவணும். அத அவராண்ட சொல்லுங்க" என்றார்.

மில்லை நம்பி ஒலக்கூரிலும் பெருமுக்கலிலும் எத்தனையோ அடுப்புகள் எரிந்தன. இது எப்படியாவது தேறவேண்டும் என்று நான் சாமி கும்பிட்டுக்கொண்டேன். அதுவரையில் எந்தத் தொழிலுக்காகவும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

வழக்கம்போல ரெட்டியாருக்கும் அவர் மனைவிக்கும் திருப்பதிக்கு ஏற்பாடாயிற்று. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய், அங்கே காட்பாடி வண்டியில் ஏறவேண்டும். அவர் புறப்பட்ட காலையில் நான் மில்லுக்குப் போனால், ஆட்கள் எல்லாரும் பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். மில்லை விற்க வந்த மனிதர் மில்லின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே பெருமாளைச் சேவிக்கப் போய்விட்டார். சாயங்காலம் அவரே வந்து சேர்ந்தார். விழுப்புரத்தில் இறங்கி இடுப்பைத் தடவியிருக்கிறார். வந்ததும், இந்நேரம் வரைக்கும் மில்லைத் திறக்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஆட்களைக் கோபித்துக்கொண்டார்.

அடுத்த முறை சாவியை இஞ்சின் டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மில்லைத் திறந்தார்கள். இஞ்சின் ஓடியது. முதல் வண்டி சரக்கு வந்தது. மூட்டையைப் பிரிக்க ஒருவரும் வரவில்லை. எல்லாருடைய முகமும் வாசல் கேட்டைப் பார்த்துத் திரும்பி அப்படியே நின்றது. வெறுமனே ஓடுகிறதே என்று டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார். பொழுது சாய்வதற்குள் ரெட்டியார் மறுபடியும் வந்துவிட்டார். காட்பாடி வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், ஊதினதும் இறங்கிவிட்டாராம். அவர் மனைவி மட்டும் உறவுக்காரர்களோடு போய்ச் சேவித்துவிட்டு வந்தார்.

கோட்டக்குப்பத்துக்குத் தொங்கிய முகத்தோடு போனேன். யாரு மொகத்தப் பாத்தாங்க? கேட்டைப் பார்த்தார்கள் என்றேன். 'எனக்கில்லை' என்கிற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். அஞ்சலை சொன்னதைச் சொன்னேன், இரும்பு வியாபாரியைப் பற்றிச் சொன்னேன். ஆள் இல்லாத மில் உங்களுக்குச் சரிப்படாது என்பது தெரியும், இருந்தாலும் மனசு கேட்கவில்லை என்றேன். அவர் நின்று திரும்பினார்.

"ஆளு இல்லன்னு யாரு சொன்னா? அவரு வெளிய போனா, எப்ப வருவாருன்னு கேட்டத்தான் பாப்பாங்க. அவரு அங்கயே இருக்கணும். ஆனா இல்லாம இருக்கணும்."

எனக்கு விளங்கவில்லை. சைகோனில் இவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வட்டிக்கடை வைத்திருந்தாராம். மார்கழி மாதம் முழுக்க அவர் மௌன விரதம். கடையில் உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். வருஷத்திலேயே அந்த மாதம்தான் அவர் கடையில் வேலை ஜல்தியாக நடக்கும் என்று மரைக்காயர் சிரித்தார். ரெட்டியார் பெருமாள் பக்தர், மார்கழி வருகிறது, கேட்டுப் பாருங்கள் என்றார். ஒரு முஸ்லிம் பெரியவர், ஒரு வைணவருக்கு மார்கழி நோன்பை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறார். நான் புதுச்சேரி பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேருகிற வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

ரெட்டியார் முதலில் கொதித்துப்போனார். "பொணம் மாதிரி ஒக்காரச் சொல்றாரா உங்க பாய்?" என்று கேட்டார்.  அவரே கொஞ்ச நேரம் இருமிவிட்டுத் தணிந்தார். இரண்டு முறை திருப்பதிக்கென்று புறப்பட்டு, சாமியைப் பார்க்காமல் பாதி வழியில் திரும்பியது அவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பெருமாளைவிட மில் பெரிதாகிவிட்டதே என்று மனைவி வேறு சொல்லிக்காட்டியிருந்தார். அந்தக் குற்றத்துக்கு இது ஈடாகட்டும் என்று ஒப்புக்கொண்டார். தை பிறந்து, பொங்கலுக்கு மூடின மில்லைத் திறக்கும் வரைக்கும் வாய் பேசுவதில்லை, கை காட்டுவதில்லை, தலை அசைப்பதில்லை. மில்லுக்கு மட்டும் வருவார், முன்னறையில் நாற்காலி போட்டு உட்காருவார். சாவி ஆணியில் தொங்கும்.

கார்த்திகை அறுவடை முடிந்து சரக்கு குவிகிற நேரம் அது. நாமம் போட்டுக்கொண்டு ரெட்டியார் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார், நான் எதிர்ப்பக்கம். அவருடைய மௌனம் பெருமாளுக்கு, என்னுடையது சம்பளத்துக்கு. முதலில் ஆட்கள் அவர் முன்னால் வந்து நின்று நின்று பார்த்தார்கள். ஐயா இந்தச் சரக்கை எடுக்கலாமா, ஐயா குடோனைத் திறக்கலாமா. அவர் ஆடாமல் அசையாமல் இருப்பார். கன்னத்தில் மட்டும் ஒரு நரம்பு துடிக்கும். சிலர் என் பக்கம் திரும்புவார்கள். நான் கூரையைப் பார்ப்பேன். கேள்வியோடு வந்தவர்கள் கேள்வியோடு திரும்பிப் போவார்கள். உள்ளே முணுமுணுப்பு, தள்ளுமுள்ளு, இரண்டு முறை சண்டை. ஒரு நாள் ஈர மூட்டை ஒன்றைக் காய்ந்ததோடு கலந்துவிட்டார்கள். ரெட்டியார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். எழவில்லை. அந்த மனுஷனுடைய உறுதியை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆயுசு முழுக்கப் பேசிப் பேசியே ஒரு மில்லை ஓட்டியவருக்கு அது என்ன தவம்!

பிறகு அந்த நாள் வந்தது. மார்கழியில் எதிர்பாராமல் நல்ல மழை பிடித்து ஓய்ந்திருந்தது. வானூர் பக்கத்துப் பெரிய வியாபாரி ஒருவர் வண்டி வண்டியாகச் சரக்கைக் கொண்டுவந்து கேட்டருகில் நிறுத்தினார். அவ்வளவும் நனைந்த மல்லாட்டை. எடுத்துக் குடோனில் போட்டால் சூடேறிப் பூஞ்சை பிடித்து, அங்கே இருக்கிற நல்ல சரக்கையும் கெடுக்கும். திருப்பி அனுப்பினால் அந்த வியாபாரி இனிமேல் இந்தக் கேட்டுக்கு வரமாட்டார், வருஷத்துச் சரக்கில் பெரும்பகுதி போய்விடும். வியாபாரி நேராக முன்னறைக்கு வந்து, எடுத்துக்கறீங்களா இல்ல வேற மில்லுக்குப் போவட்டுமா என்று ரெட்டியாரைக் கேட்டார். அவர் விரதம் என்று யாரோ சொன்னார்கள். இதென்ன பேஜாரு என்று அவர் சத்தம் போட்டார். இஞ்சின் நின்றது. மில்லில் இருந்த ஆண், பெண் எல்லாரும் வந்து அறை வாசலில் கூடி ரெட்டியார் முகத்தையே பார்த்தார்கள்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். பெருமாள் மன்னித்திருப்பார். அவர் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். 

ரெட்டியார் எழுந்தார். தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

என் வாழ்நாளில் நான் பார்த்த பெரிய காரியம் அதுதான். கோயில் கும்பாபிஷேகம் பார்த்திருக்கிறேன், மந்திரிகள் ஊர்வலம் பார்த்திருக்கிறேன். அந்த முதுகுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

பார்ப்பதற்கு முகம் இல்லாமல் போனதும் ஜனங்கள் திகைத்துப் போனார்கள். டிரைவர் தராசுக்காரரைப் பார்த்தார். தராசுக்காரர் மேஸ்திரியைப் பார்த்தார். அப்படியே ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் போய்ப் போய், கடைசியில் எல்லாருடைய பார்வையும் அஞ்சலையிடம் வந்து நின்றது. ஏன் அவரிடம் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். ஒரு காயை உடைத்துக் கடித்தார். இன்னொரு மூட்டையில் இன்னொன்று. பிறகு வியாபாரியிடம் வந்தார்.

"மூட்டையக் கொட்டி எங்க களத்துல காயவைங்க. கெளற்றது நாங்க. காஞ்சப்புறம் எட போட்டு எடுத்துக்கறோம். ஒத்துக்கினா எறக்குங்க. இல்லன்னா வண்டியத் திருப்பிக்குங்க."

மில்லில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ரெட்டியாராக இருந்தால் கத்தி விரட்டியிருப்பார். வியாபாரி முறைத்தார், முணுமுணுத்தார், வேறு வழி இல்லாமல் ஒப்புக்கொண்டார். களம் முழுக்க மல்லாட்டை பரவியது. வெயிலும் நல்லபடியாக அடித்தது. காய்ந்த சரக்கு நன்றாகவே இருந்தது. இது எல்லாம் காதில் விழ, ரெட்டியார் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மாலை போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. வருத்தமா சந்தோஷமா என்று அவரைக் கேட்கவும் வழியில்லை.

அதற்குப் பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுக்க ஒருவரும் அவர் முன்னால் நின்று தயங்கவில்லை.

நான் போய்ச் சொன்னபோது மரைக்காயர் தன் கேள்வியைக் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாரா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, மில் திறக்கிற நாளில் தானே வருவதாகச் சொன்னார். எந்தத் தொழிலையும் கண்ணால் பார்க்காத மனிதர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பொங்கல் கழிந்து மில் திறந்தது. இஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். மரைக்காயர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ரெட்டியார் விரதம் முடித்துக் குளித்து வந்திருந்தார். இத்தனை நாள் அடைத்துவைத்த பேச்சு எந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு வருமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். பழக்க தோஷத்தில் டிரைவர் வந்து அவர் முன்னால் நின்றார். எந்தக் குடோன் சரக்கை முதலில் ஓட்டுவது என்று கேட்டார். ரெட்டியார் வாயைத் திறந்தார். பேசாமல் இருந்து இருந்து குரல் கட்டியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அஞ்சலயக் கேளு" என்றார்.

டிரைவர் போனார். உள்ளே இஞ்சின் சத்தம் எழுந்தது. இனி பத்திரம் எழுதவேண்டியதுதான் என்று நான் மரைக்காயரைப் பார்த்தேன். அவர் ரெட்டியார் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வேண்டியது இப்ப இந்த மில்லுல இருக்கு ரெட்டியாரே. ஆனா இப்ப நீங்க இத விக்க வேண்டிய அவசியம் இல்ல. வீட்ல இருந்துக்குங்க. ஓடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியில்லாத மில்லைச் சரியாக்கி, தன் கைக்குப் பொருத்தமாக வந்து நின்ற நேரத்தில், வேண்டாம் என்று அவரே சொல்லுகிறார். வாங்கத்தானே நான் அலைந்தேன்? அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். துளி வருத்தம் இல்லை. தனக்கு எது பொருந்தும் என்று இவ்வளவு கச்சிதமாகத் தெரிந்த ஒருவருக்கு, இன்னொருவருக்கு எது பொருந்தும் என்பதும் தெரிந்திருந்தது. கை எடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது எனக்கு.

ரெட்டியார் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. விரதத்தை மறுபடியும் தொடங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். உள்ளே பெண்கள் பேசிக்கொண்டே பருப்புப் பொறுக்குகிற சத்தம் கேட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மரைக்காயருக்கு முன்னால் வந்து நின்றார்.

"வீட்ல தனியா ஒக்காந்துக்கினா, ஒரு நாளு இல்ல ஒரு நாளு எனக்குக் காலு நிக்காது பாய். வந்துடுவேன். பாதிய நீங்க எடுத்துக்குங்க. ரெண்டு பேருமா சேந்து வராம இருப்போம்."

மரைக்காயர் கையை நீட்டினார். அன்றைக்கு இருவரும் ஒரே குதிரை வண்டியில் ஏறிப் போனார்கள். அதற்கப்புறம் இரண்டு பேரில் ஒருவரும் அந்த மில்லுக்கு வரவே இல்லை.